பெயர் மட்டும் இல்லாத ஜெபக் குறிப்பு

போன சனிக்கிழமை கேம்ப் ரோடு சூப்பர் மார்க்கெட்டில் ஒரு சண்டை போட்டேன்.

பெரிய சண்டை இல்லை. பில் போடுகிற பெண் வழக்கம்போலக் கேட்டாள். "சார், போன் நம்பர் சொல்லுங்க."

"எதுக்கும்மா? ஒரு கிலோ துவரம்பருப்பு, ரெண்டு துணி சோப்பு. இதுக்கு என் நம்பர் எதுக்கு?"

"நம்பர் போட்டாதான் சார் பில் வரும்."

"போன மாசம் வந்துதே?"

"சிஸ்டம் மாத்திட்டாங்க சார்."

"அப்போ நம்பர் இல்லாதவன் பருப்பு சாப்பிடக் கூடாதா?"

பின்னால் ஏழு பேர் நின்றார்கள். கையில் பால் பாக்கெட்டோடு நின்ற ஒருவருக்குப் பொறுமை போய்விட்டது. "யோவ் பெருசு... அந்தப் பொண்ணு நம்பரத்தானே கேக்குது, வூட்டுப் பத்திரத்தையா கேக்குது? சொல்லிட்டுப் போவியா, சும்மா பேஜார் பண்ணிக்கினு!"

நான் அவரிடம் திரும்பி, தகவல் பாதுகாப்பு பற்றி நாலு வார்த்தை சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் மனைவி கிரேஸ் தன் நம்பரைச் சொல்லி, பில்லை வாங்கி, பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே போய்விட்டாள்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் குணம் தெரியும். ஆதார் ஜெராக்ஸ் கொடுத்தால், எதற்காகக் கொடுக்கிறேன் என்பதையும் தேதியையும் அதன் குறுக்கே பேனாவால் எழுதிவிட்டுத்தான் கொடுப்பேன். கொரியர் கவரில் ஒட்டியிருக்கும் விலாசத்தைக் கிழித்துத் தண்ணீரில் ஊறவைத்த பிறகே குப்பையில் போடுவேன். ஓடிபி பற்றி மட்டுமே இங்கே மூன்று வாரம் எழுதியிருக்கிறேன். 'சார், போதும், வேறு ஏதாவது எழுதுங்கள்' என்று குரோம்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கடிதமே போட்டார். அப்படிப்பட்ட ஆள் நான்.

வண்டியை எடுக்கும்போது ஆரம்பித்தேன். "பாத்தியா கிரேஸ், எல்லாரும் இப்படிக் கொடுத்துக் கொடுத்துத்தான்..."

அவள் பையை வண்டியில் மாட்டிக்கொண்டே கேட்டாள். "இந்த உஷாரெல்லாம் எஸ்தர் விஷயத்துல எங்கங்க போச்சு?"

நான் வண்டியைக் கிளப்பினேன்.

எஸ்தர் விஷயத்தை இங்கே எழுத எனக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. அனுமதி எப்படிக் கிடைத்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எஸ்தர் எங்கள் சபையைச் சேர்ந்தவர். தாம்பரத்தில் ஒரு பள்ளியில் பிசிக்ஸ் டீச்சர். அதிகம் பேச மாட்டார். இது நடந்ததற்கு முந்தின வருடம்தான் கணவர் தவறிவிட்டார். ஒரே மகள் ஷெரின், காட்டாங்குளத்தூரில் ஹாஸ்டலில் தங்கிக் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். என்னை அண்ணா என்றும் கிரேஸை அக்கா என்றும்தான் எஸ்தர் கூப்பிடுவார். கூடப் பிறந்தவர்கள் இந்த ஊரில் யாரும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்கூல் விட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பெரிய கவர். ஸ்கேன் கவர் என்று பார்த்தவுடனே தெரிந்தது. டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத்தான் சொன்னார்.

"அக்கா, அண்ணா... உங்க ரெண்டு பேர்கிட்ட மட்டும்தான் சொல்றேன். மார்புல ஒரு கட்டி. பயாப்ஸி எடுத்துட்டாங்க. வியாழக்கிழமை ஆபரேஷன்."

கிரேஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான்தான் கேட்டேன். "ஷெரினுக்கு?"

"தெரியாது அண்ணா. தெரியவும் கூடாது. இன்னும் ரெண்டு பேப்பர் இருக்கு. திங்கக்கிழமை ஒண்ணு, புதன்கிழமை ஒண்ணு. அவங்க அப்பா ஐசியூல இருந்தப்ப அவ எழுதின பேப்பர் ரெண்டும் போச்சு. அதைத் திரும்ப எழுதி, இப்பதான் தலை நிமிர்ந்திருக்கா. மறுபடியும் என்னால அது நடக்கக் கூடாது."

"சரி."

"புதன்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்துடுவா. மீன் குழம்பு வச்சு, நல்லா சாப்பிட வச்சு, பக்கத்துல உக்காந்து நானே சொல்லிக்கிறேன். எப்படிச் சொல்லணும்னு ஒரு வாரமா யோசிச்சு வச்சிருக்கேன். அதுவரைக்கும் நீங்க ரெண்டு பேரும் மட்டும் ஜெபம் பண்ணிக்கோங்க. வெளியில வேணாம்."

இதைவிடத் தெளிவாக ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்? பிசிக்ஸ் டீச்சர் வேறு.

இங்கே எங்கள் சபை வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குச் சங்கிலி ஜெபம் உண்டு. ஒரு குடும்பத்துக்கு அரை மணி நேரம். ஒருவர் முடித்ததும் அடுத்தவர் ஆரம்பிக்க வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம்வரை விடாமல் போகும். யார் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்கிற குறிப்புகளைச் சனிக்கிழமையே டைப் செய்து வாட்ஸப் குழுவில் போடுவது என் வேலை. எழுத்தாளர் என்று எனக்கு அந்த உத்தியோகத்தைக் கொடுத்திருக்கிறார்கள். சம்பளம் கிடையாது. பாராட்டு உண்டு.

எங்கள் ஆட்களுக்கு விவரம் இல்லாமல் ஜெபம் ஓடாது. 'ஒரு சகோதரருக்கு உடல்நலக் குறைவு' என்று போட்டால் போதாது. என்ன குறைவு? எத்தனை நாளாக? எந்தப் பக்கத்துக் கிட்னி? டாக்டர் என்ன சொன்னார்? ஏதோ கர்த்தருக்கு இடது வலது தெரியாத மாதிரி கேட்பார்கள். நான் சலித்துக்கொள்வேன். ஆனாலும் விவரத்தோடுதான் எழுதுவேன். அப்படி எழுதினால்தானே, 'பிரதர், இந்த வாரக் குறிப்பு மனசைத் தொட்டுடுச்சு' என்று பதில் வரும்?

அந்தச் சனிக்கிழமை நான் உட்கார்ந்து யோசித்தேன். ஆபரேஷனோ பெரியது. எங்கள் இரண்டு பேர் ஜெபம் போதுமா? நூறு பேர் ஜெபித்தால் எவ்வளவு நல்லது! எஸ்தர் சொன்னதும் நினைவில் இருந்தது. அதனால் ரொம்ப புத்திசாலித்தனமாக ஒரு வழி கண்டுபிடித்தேன். பெயரை எழுதாமல் விட்டுவிடுவது.

இதுதான் நான் எழுதியது:

'நான்காவது குறிப்பு. தாம்பரத்தைச் சேர்ந்த ஒரு சகோதரி. பெயரைக் கர்த்தர் அறிவார். இயற்பியல் ஆசிரியை. சென்ற ஆண்டு கணவரை இழந்தவர். மார்பகக் கட்டிக்காக வரும் வியாழக்கிழமை அறுவைச் சிகிச்சை. ஒரே மகள் காட்டாங்குளத்தூரில் இறுதியாண்டுத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறாள். தேர்வு முடியும்வரை மகளுக்கு இது தெரிய வேண்டாம் என்பது தாயின் வேண்டுதல். அதற்காகவும் பாரத்தோடு ஜெபிக்கவும்.'

கிரேஸிடம் காட்டினேன். படித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"இது வேணாங்க. அவதான் வேணாம்னாளே."

"பேரே இல்லையேம்மா!"

"பேரு இல்ல. மத்தது எல்லாம் இருக்கே?"

"நம்ம சபையில எத்தனையோ டீச்சருங்க இருக்காங்க. யாரு கண்டுபிடிக்கப் போறா? பெயரைக் கர்த்தர் அறிவார்னு போட்டிருக்கேன் பாரு. எவ்ளோ நாசூக்கா இருக்கு?"

அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நான் அனுப்புகிற பொத்தானை அழுத்தினேன். பத்து நிமிடத்தில் நாற்பது கைகூப்பல் பொம்மைகள் வந்து விழுந்தன. சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தால் ஷெரின் நிற்கிறாள். தோளில் காலேஜ் பை, காலில் ஹாஸ்டல் செருப்பு. ஹாஸ்டலுக்குப் பக்கத்தில் போத்தேரியில் ரயில் ஏறித் தாம்பரத்தில் இறங்கியிருக்கிறாள். ஸ்டேஷனிலிருந்து அவள் வீட்டுக்கு நடந்தே போய்விடலாம். அந்தப் பக்கம் போகாமல் ஷேர் ஆட்டோ பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள்.

"என்னம்மா, நாளைக்கு எக்ஸாம் இல்ல?"

"இருக்கு அங்கிள்."

உள்ளே வந்து உட்கார்ந்தாள். கிரேஸ் தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள், குடிக்கவில்லை.

"அங்கிள், எங்க ஹாஸ்டல்ல ஞாயித்துக்கிழமை மத்தியானம் நாங்க பத்துப் பன்னெண்டு பொண்ணுங்க சேர்ந்து ஜெபம் பண்ணுவோம். லீடர் அக்கா ஒரு லிஸ்ட் வாசிப்பாங்க. ஆளுக்கு ஒரு குறிப்பு. இன்னைக்கு நாலாவது குறிப்பு எனக்கு வந்துச்சு."

எதிரே இருந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்துவிட்டேன்.

"கண்ணை மூடிக்கிட்டு ஆரம்பிச்சேன் அங்கிள். 'ஆண்டவரே, இந்தச் சகோதரியைத் தொடும்'னு. தாம்பரம், டீச்சர்னு வாசிச்சாங்க, நாளைக்கு எக்ஸாம்ங்கிற நினைப்புல எனக்கு ஒண்ணும் தோணல. 'அந்த மகளுக்குத் தெரியாம இருக்கட்டும் ஆண்டவரே, அவ நல்லா எக்ஸாம் எழுதட்டும்'னு நானே சொல்றேன். பாதியில நின்னுடுச்சு. அந்தப் பொண்ணு யாருன்னு அப்பதான் தெரிஞ்சுது."

கிரேஸ் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு இருந்தாங்க. நான் ஜெப பாரத்துல, மனசு உருகி அழறேன்னு நினைச்சுக்கிட்டாங்க. ஆமென்னு சொல்லிட்டு வெளியில வந்து, பாத்ரூம்ல போய் அழுதேன்."

"நாங்கதான் எழுதினோம்னு..." என்று நான் இழுத்தேன். வேண்டுமென்றேதான் 'நாங்க' என்றேன். அந்த நேரத்திலும் பாருங்கள், தப்பில் பாதியைக் கிரேஸ் தலையில் கட்டப் பார்த்தேன்.

"நீங்கதான் அங்கிள். 'பெயரைக் கர்த்தர் அறிவார்'னு வேற யாரு எழுதுவா? போன வருஷம் எங்க அப்பாவுக்கும் அப்படித்தானே எழுதினீங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"இப்பவே அம்மாகிட்ட போலாம் வா" என்றேன். "நானே பேசறேன். என் தப்புதான்னு சொல்லிடறேன்."

"வேணாம் அங்கிள்!" தண்ணீர் தளும்பிக் கீழே சிந்தியது. "அம்மாவுக்கு எனக்குத் தெரியும்னு தெரியக் கூடாது. தெரிஞ்சா ஆபரேஷனை விட்டுட்டு என் எக்ஸாமைப் பத்திதான் கவலைப்படுவாங்க. வியாழக்கிழமை வரைக்கும் அவங்க நிம்மதியா இருக்கட்டும். நான் எழுதிடுவேன். எவ்ளோ சீரியஸுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

கிரேஸ் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். ஆரம்ப நிலைதான், டாக்டர்கள் தைரியம் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். ஷெரின் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். இரண்டு இட்லி சாப்பிட வைத்தோம். ஏழே முக்கால் ரயிலில் நானே கொண்டுபோய் ஏற்றிவிட்டேன். அம்மா வீட்டுத் தெருவைத் தாண்டும்போது துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வண்டியில் என் பின்னால் உட்கார்ந்து வந்தாள். தன் சொந்தத் தெருவில், தன் அம்மாவின் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று! அந்த ஐந்து நிமிடத்தை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் குழுவில் அந்தக் குறிப்பை அழித்தேன். அழித்தால் என்ன ஆகும்? 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று வந்தது. உடனே ஒரு சகோதரர், 'என்ன பிரதர், நாலாவது குறிப்பைக் காணோமே?' என்றார். அடுத்த நிமிடம் ஒரு சகோதரி, 'கவலை வேண்டாம், நான் சேவ் பண்ணி வச்சிருக்கேன்' என்று அதை அப்படியே எடுத்து மறுபடியும் போட்டார். கீழே இன்னும் இருபது கைகூப்பல்.

குறிப்பு ஹாஸ்டல்வரை எப்படிப் போனது என்று தெரிந்தே ஆக வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. மறுநாள் ஒவ்வொருவராகக் கேட்டேன். முதலில் கிடைத்தவர் பொழிச்சலூர் தேவசகாயம் அண்ணன். எங்கள் சபையின் பழைய செயலாளர்.

"ஆமா பிரதர், நான்தான் அனுப்பினேன். நல்ல பாரமான குறிப்பு. அஞ்சு குரூப்புக்குப் போட்டேன். ஏன், இன்னும் நாலு குரூப்புக்குப் போடட்டுமா?"

அவரிடமிருந்து கோவிலம்பாக்கத்தில் அவருடைய மைத்துனிக்குப் போயிருக்கிறது. காட்டாங்குளத்தூர் என்று பார்த்ததும் அந்த அம்மா, 'அங்கே படிக்கிற பிள்ளைகள் ஜெபித்தால் நன்றாக இருக்குமே' என்று தன் அக்கா மகளுக்கு அனுப்பியிருக்கிறார். அந்த அக்கா மகள்தான் ஹாஸ்டல் ஜெபக் குழுவின் லீடர்.

யாரைத் திட்டுவது? தேடித் தேடிப் பார்த்தேன். ஒரு கெட்டவர்கூடச் சிக்கவில்லை. ஹேக்கர் இல்லை, திருடன் இல்லை, கம்பெனி இல்லை. கை மாறிய இடமெல்லாம் நல்ல மனசு. என் பருப்புக் கணக்கு யாருக்கோ போய்விடுமே என்று கவுன்ட்டரில் நின்று கத்துகிற எனக்கு, இந்த மாதிரி ஒரு கசிவு இருக்கிறது என்பதே தோன்றவில்லை.

இன்னொன்றும் உறைத்தது. அந்தக் குறிப்பை எத்தனையோ பேர் படித்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அது யாரோ ஒரு சகோதரி. ஒரு நிமிடம் உச்சுக்கொட்டி, ஜெபித்துவிட்டு, மறந்திருப்பார்கள். பெயர் இல்லாதது அவர்களிடமிருந்து எஸ்தரைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் அவர்களுக்குத் தெரிந்தால்தான் என்ன? யாருக்குத் தெரியக் கூடாது என்று அந்தத் தாய் தவித்தாரோ, அந்த ஒருத்திக்குப் பெயர் தேவையே இல்லை. தன் அம்மாவை அடையாளம் காணப் பெயரா வேண்டும்? உலகத்தில் எல்லாரிடமிருந்தும் மறைத்து, அவளுக்கு மட்டும் விலாசம் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

திங்கட்கிழமை மதியம் ஷெரினிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'எழுதிட்டேன் அங்கிள்.' புதன்கிழமை இன்னொன்று. 'இதுவும் எழுதிட்டேன். வீட்டுக்குப் போறேன்.' எப்படி எழுதினாள் என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. எஸ்தர் நடுவில் இரண்டு முறை போன் செய்தார். நான் கிரேஸிடம் கொடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போனோம். எஸ்தருக்குப் பச்சை உடை மாட்டிவிட்டிருந்தார்கள். ஷெரின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவின் கம்மலையும் செயினையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

தள்ளிக்கொண்டு போக ஆள் வந்தார். எஸ்தர் கிரேஸின் கன்னத்தைத் தொட்டார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ரொம்ப தேங்க்ஸ் அண்ணா. நீங்க யார்கிட்டயும் மூச்சு விடல. அதனாலதான் இவ ரெண்டு பேப்பரையும் நிம்மதியா எழுதினா. நேத்து நான் நினைச்ச மாதிரியே சாப்பிட வச்சுச் சொன்னேன்."

ஷெரின் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சொல்லிவிடாதீர்கள் என்கிற பார்வை.

நான் தலையை ஆட்டினேன். 'பரவாயில்லம்மா' என்றுகூடச் சொன்னேன். செய்யாத உதவிக்கு நன்றி வாங்கிக்கொள்வதைப் போல அசிங்கம் வேறு கிடையாது. வராண்டாவுக்கு வந்து சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன். பக்கத்தில் வந்து நின்ற ஷெரின் மெதுவாகச் சொன்னாள். "நேத்து நடிக்கணுமேன்னு பயந்துக்கிட்டே போனேன் அங்கிள். நடிக்கவே தேவைப்படல. அம்மா வாயால கேட்டப்பதான் எனக்கு நிஜமாவே அழுகை வந்துச்சு."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு சில மாதங்கள் சிகிச்சை இருந்தது. எஸ்தர் இப்போது தேறிவிட்டார், ஸ்கூலுக்கும் போகிறார். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நீங்கள் நிம்மதியாகப் படித்திருப்பீர்கள், இல்லையா? பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் நான்கு நாள் இந்த நிம்மதி இல்லாமல்தான் புத்தகத்தைப் பிரித்துப் படித்தாள்.

சிகிச்சை முடிந்த பிறகு, அம்மாவிடம் சொல்லிவிடட்டுமா என்று ஷெரினிடம் கேட்டேன். அவள் சரி என்றாள். கிரேஸையும் கூட்டிக்கொண்டு எஸ்தர் வீட்டுக்குப் போய், குறிப்பு எழுதியதிலிருந்து ரயில் ஏற்றிவிட்டதுவரை எல்லாவற்றையும் சொன்னேன்.

எஸ்தர் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார். வகுப்பில் பையன் ஹோம்வொர்க் செய்யாததற்குக் காரணம் சொல்வதைக் கேட்கும் முகம் அது.

"அண்ணா, கட்டி விஷயம் நாலு பேருக்குத் தெரிஞ்சதுல எனக்கு வருத்தம் இல்ல. எப்படியும் தெரிஞ்சிருக்கும். ஆனா என் பொண்ணு அதைக் கேக்கறப்ப நான் பக்கத்துல இருக்கணும்னு நினைச்சேன். அவ்ளோதான் நான் கேட்டது. அவ யாரோ மாதிரி எனக்கு ஜெபம் பண்ணிட்டு, பாத்ரூம்ல போய் தனியா அழுதிருக்கா. அன்னைக்கு நான் தேங்க்ஸ் சொன்னப்ப நீங்க தலையை வேற ஆட்டினீங்க."

மன்னிப்புக் கேட்டேன். 'சரி அண்ணா' என்றார். ஆனால் அதற்கப்புறம் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்களிடம் நிற்காமல் போனார். நியாயம்தானே?

பிரைவசி என்றால் ஒளித்து வைப்பது என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நம்பரை ஒளி, ஆதாரை ஒளி, பாஸ்வேர்டை ஒளி. எஸ்தர் எதையும் ஒளித்து வைக்க நினைக்கவில்லை. தன் செய்தியைத் தானே, தன் நேரத்தில், தன் வாயால் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். அந்த உரிமையைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். கேட்டால், அன்பு என்றேன்.

நம் போன்களைத் திறந்து பாருங்கள். அடுத்தவர் சொல்ல வேண்டிய செய்தியை நாம் எத்தனை சொல்லியிருக்கிறோம்! அபார்ட்மென்ட் குழுவில், 'பி பிளாக் அங்கிளுக்கு நெஞ்சுவலி, ஆம்புலன்ஸ் வந்திருக்கு' என்று படத்தோடு போடுகிறோம். அமெரிக்காவில் இருக்கும் மகன் அதைப் பார்த்துத்தான் அப்பாவுக்கு ஏதோ என்று தெரிந்துகொள்கிறான். பத்தாம் வகுப்பு மார்க் வந்த அன்று, பிள்ளை தன் பெரியப்பாவுக்குச் சொல்வதற்குள் நாம் சொல்லி முடித்திருப்போம். என் பக்கத்து வீட்டுக்காரர் எப்போதோ தன் தம்பிக்காக 'ரத்தம் தேவை' என்று நம்பரோடு ஒரு செய்தி போட்டார். தம்பி இறந்து வருடக்கணக்கில் ஆகிவிட்டது, செய்தியை மட்டும் நாம் இன்னும் கை மாற்றிக்கொண்டே இருக்கிறோம். இன்னமும் யாராவது போன் செய்து, 'சார், நான் கொடுக்கத் தயார், பேஷன்ட் எப்படி இருக்கார்?' என்று கேட்கிறார்கள். அவர் ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்போதும் ஜெபக் குறிப்பு நான்தான் எழுதுகிறேன். 'ஒரு சகோதரிக்காக ஜெபிக்கவும்' என்று ஒரே வரி. அவ்வளவுதான். 'என்ன பிரதர், பழைய மாதிரி மனசைத் தொடலையே' என்கிறார் தேவசகாயம் அண்ணன். தொட வேண்டாம்.

அனுமதி எப்படிக் கிடைத்தது என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா? நான்காவது ஞாயிறு எஸ்தராகவே வந்து கிரேஸிடம் பேசினார். கொஞ்ச நாள் கழித்து, இதைப் பத்தியில் எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க அண்ணா. நாலு பேரு யோசிப்பாங்க. ஆனா அச்சுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டணும்" என்றார். அப்போதே எழுதினேன். கொடுக்கத்தான் தைரியம் வராமல் மேசையிலேயே வைத்திருந்தேன். சூப்பர் மார்க்கெட் வாசலில் கிரேஸ் அப்படிக் கேட்ட பிறகுதான் எடுத்துக்கொண்டு போனேன்.

இரண்டே நாளில் திருப்பிக் கொடுத்தார். பக்கம் பக்கமாகச் சிவப்பு மை. "பேரை மட்டும் மாத்தினா போதும்னு இன்னும் நினைக்கிறீங்களா அண்ணா?" என்று கேட்டுச் சிரித்தார். பாடத்தை மாற்றியிருந்தார். மகளின் படிப்பை மாற்றியிருந்தார். நோயை மாற்றியிருந்தார். காட்டாங்குளத்தூரை மாற்றினாரா இல்லையா என்று நான் சொல்ல மாட்டேன். ஆகவே இதைப் படித்துவிட்டு, 'எனக்குத் தெரியும், இது அவங்கதானே?' என்று யாராவது உங்களிடம் சொன்னால், இல்லை, அவங்க இல்லை.

பெயர்களைத் தவிர, என் பங்குக்கு நானும் ஒரே ஒரு மாற்றம் செய்து வைத்திருந்தேன். குறிப்பை எழுதியது 'என் நண்பர் ஒருவர்' என்று.

அந்த மூன்று வார்த்தையையும் எஸ்தர் அழுத்தி அடித்து, மேலே 'நான்' என்று எழுதியிருந்தார்.